இரட்டை 25 கிலோவோல்ட் மின்னூட்டம்: நெரிசலான பயணிகள் தடத்துக்கு ஒரு மதிப்புரை

ஒரு தடத்தில் ரயில்களைக் கூட்டுவது என்று முடிவானதும் முதலில் பேசப்படுவது புது ரயில்கள். அடுத்தது சிக்னல். மேலே தொங்கும் கம்பியில் மின்சாரம் போதுமா என்ற கேள்வி பெரும்பாலும் ரயில்களுக்கு ஆர்டர் போன பிறகுதான் எழுகிறது. தெற்கு இங்கிலாந்தின் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத் தடங்களில் 2000களின் தொடக்கத்தில் நடந்தது இதுவே. பழைய ரயில்களுக்குப் பதிலாகக் குளிர்சாதன வசதியும் கூடுதல் மோட்டார் திறனும் கொண்ட ரயில்கள் வந்தன. துணை மின்நிலையங்களையும் கேபிள்களையும் பெருமளவில் கூட்டிய பிறகே அவற்றை முழு எண்ணிக்கையில் ஓட விட முடிந்தது. மின்சாரத்தைக் கடைசியில் யோசித்தால் வாங்கிய ரயில் யார்டில் காத்திருக்கும்.

இந்த மதிப்புரை இரட்டை 25 கிலோவோல்ட் ஏசி மின்னூட்ட முறையைப் பற்றியது. ஆட்டோ டிரான்ஸ்பார்மர் முறை என்றும் சொல்வார்கள். ஏற்கெனவே ஒற்றை 25 கிலோவோல்ட்டில் ஓடும் பயணிகள் தடம் திணறும்போது ஆலோசகர்கள் பெரும்பாலும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மின்னழுத்தச் சரிவுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் மும்முனைச் சமனின்மை, மின்தொகுப்பின் (கிரிட்) பலவீனம், பிளாக் நேரப் பற்றாக்குறை (பணிக்காகப் பாதையை மூடும் நேரம் போதாமை) ஆகிய மூன்றுக்கும் இது மருந்தே அல்ல. பல திட்டங்கள் அந்த மூன்றில்தான் சிக்குகின்றன.

முறை புதிதல்ல. அமெரிக்காவின் நியூயார்க்-நியூ ஹேவன் தடத்தில் 1910களிலேயே இதன் மூத்த வடிவம் இருந்தது. ஜப்பானில் 1964இல் தொடங்கிய தொக்கைடோ ஷிங்கன்சென், பூஸ்டர் டிரான்ஸ்பார்மர் என்ற வேறு முறையில்தான் ஓடியது. 1972இல் திறக்கப்பட்ட சான்யோ ஷிங்கன்சென் முதல் நாளிலிருந்தே ஆட்டோ டிரான்ஸ்பார்மருக்குப் போனது. தொக்கைடோவும் பின்னால் மாற்றப்பட்டது. பிரான்ஸின் பாரிஸ்-லியோன் அதிவேகத் தடம் 1981இல் இதே முறையில் வந்தது. இந்தியாவில் சரக்கு ரயில்களுக்கான தனித் தடங்கள் இந்த முறையில்தான் கட்டப்பட்டன. ஆக, செய்து பார்த்துத் தேறிய பொருள்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. துணை மின்நிலைய (இனிச் சுருக்கமாக மின்நிலையம்) டிரான்ஸ்பார்மர் 50 கிலோவோல்ட் தருகிறது. அதன் நடுமுனை தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். ஒரு முனை ரயிலுக்கு மேலுள்ள தொடுகம்பிக்கும் மறுமுனை கம்பத்தின் வெளிப்பக்கம் ஓடும் ஃபீடர் கம்பிக்கும் போகிறது. ரயிலுக்குக் கிடைப்பது வழக்கமான 25 கிலோவோல்ட்தான். ரயிலில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் மின்சாரம் பயணம் செய்வது 50 கிலோவோல்ட்டில். சுமார் 10 கி.மீ.க்கு ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மர், தொடுகம்பிக்கும் ஃபீடருக்கும் இடையே நின்று கணக்கைச் சரி செய்கிறது. 8 மெகாவாட் இழுக்கும் ஒரு ரயில் 320 ஆம்பியர் எடுக்கும். மின்நிலையத்திலிருந்து அந்த ரயில் நிற்கும் பகுதிவரை தொடுகம்பியில் 160, ஃபீடரில் எதிர்த்திசையில் 160. ரயிலுக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஆட்டோ டிரான்ஸ்பார்மர்களுக்கு நடுவே மட்டும்தான் தண்டவாளத்தில் பெரிய மின்னோட்டம் இருக்கும். பக்கத்தில் ஓடும் தொலைபேசிக் கேபிள்களில் இரைச்சல் குறைவதற்கும் இதுவே காரணம்.

பழைய பூஸ்டர் முறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பூஸ்டர் டிரான்ஸ்பார்மர், தண்டவாளம் வழியே திரும்பும் மின்னோட்டத்தைத் திரும்புகம்பி என்ற தனிக் கம்பிக்கு இழுக்க, ஏறத்தாழ 3 கி.மீ.க்கு ஒன்று என்று தொடுகம்பியோடு தொடராகச் சேர்க்கப்படுவது. ஒவ்வொன்றும் வழியில் ஒரு தடை. அதோடு ஒவ்வொரு பூஸ்டருக்கும் தொடுகம்பியில் ஒரு வெட்டு வேண்டும். அதிக மின்னோட்டத்தோடு பேண்டோகிராப் (ரயிலின் மேலிருந்து கம்பியைத் தொடும் கை) அந்த வெட்டைக் கடக்கும்போது தீப்பொறி வில் எழும்; கம்பியும் தேயும், கார்பன் பட்டையும் தேயும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் இணையாகச் சேர்க்கப்படுவதால் அந்த வெட்டே தேவையில்லை. பராமரிப்புக்காரர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை விரும்புவார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். இரட்டைப் பாதை, 3 நிமிடத்துக்கு ஒரு ரயில், சராசரி வேகம் 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரே திசையில் 2.5 கி.மீ.க்கு ஒரு ரயில் இருக்கும். மின்நிலையத்தின் ஒரு பக்கம் 25 கி.மீ. ஊட்டினால், இரு திசையிலும் சேர்த்து 20 ரயில்கள். ரயிலுக்குச் சராசரி 1.5 மெகாவாட் என்றால் 30 மெகாவாட், அதாவது 1,200 ஆம்பியர். இரு பாதைக் கம்பிகளும் சேர்ந்த மின்மறுப்பு (ஏசி மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) கி.மீ.க்கு 0.2 ஓம் என்று கொள்வோம். சுமை சீராகப் பரவியிருப்பதால் கடைசி முனையில் சரிவு 0.2 × 1,200 × 12.5, அதாவது 3,000 வோல்ட். 27.5 கிலோவோல்ட்டில் புறப்பட்டது 24.5இல் முடிகிறது. இந்தக் கணக்கில் ஒற்றை 25 கிலோவோல்ட்டே போதும்.

பக்கத்து மின்நிலையம் படுத்துவிட்ட நாளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மின்நிலையம் 25க்குப் பதில் 50 கி.மீ. ஊட்ட வேண்டும். ரயில்களும் இரண்டு மடங்கு, தூரமும் இரண்டு மடங்கு. சரிவு நான்கு மடங்காகி 12,000 வோல்ட் ஆகிறது. தடம் நின்றுவிடும். இரட்டை 25இல் மின்மறுப்பு கோட்பாட்டின்படி நாலில் ஒரு பங்கு. நடைமுறையில் அவ்வளவு குறையாது, மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் அதே நிலையில் சரிவு 4,000 வோல்ட். 23.5 கிலோவோல்ட்டில் ரயில்கள் ஓடும். திசையன் கணக்காகப் போட்டால் எண்கள் இறங்கும், ஆனால் அந்த நான்கு மடங்கு என்ற உறவு அப்படியே நிற்கும். இந்த முறைக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் சாதாரண நாளுக்காக அல்ல, மின்நிலையம் ஒன்று விழும் நாளுக்காக. அந்த நாளில் முழு அட்டவணையும் ஓட வேண்டுமா, பாதி ஓடினால் போதுமா என்பதை ரயில்வே நிர்வாகம் எழுத்தில் சொல்லாதவரை எந்த வடிவமைப்பும் சரியென்றோ தவறென்றோ சொல்ல முடியாது. திட்ட ஆவணத்தில் நாங்கள் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

எது போதும் என்பதற்கான வரம்புகள் இ.என். 50163 என்ற ஐரோப்பியத் தரநிலையில் உள்ளன. 25 கிலோவோல்ட் முறையில் 27.5 வரை நிரந்தரமாக இருக்கலாம், 29 வரை 5 நிமிடம். கீழே 19 கிலோவோல்ட் வரை நிரந்தரமாக, 17.5 வரை 2 நிமிடம். புதிய ரயில்கள் இந்த அடிமட்டம்வரை முழு மின்னோட்டம் இழுக்காது. சுமார் 22.5க்குக் கீழே போனதும் தாமாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ரயில் நிற்காது, மெதுவாகும். இங்கேதான் சிமுலேஷன் அறிக்கைகள் ஏமாற்றுகின்றன. ‘மின்னழுத்தம் எங்கும் 19க்குக் கீழே போகவில்லை’ என்று அறிக்கை சொல்லும். ரயில்கள் ஒவ்வொன்றும் 40 வினாடி தாமதமாகியிருக்கும். 3 நிமிட இடைவெளித் தடத்தில் 40 வினாடித் தாமதம் அடுத்த ரயிலின் சிக்னலையே சிவப்பாக்கிவிடும். மின்னழுத்த வரைபடத்தோடு பயண நேர வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சிமுலேஷனில் ஓட்ட வேண்டிய நிலைமைகள் மூன்று. உச்ச நேரம், அதோடு ஒரு மின்நிலையம் இல்லாத உச்ச நேரம்: இவற்றை எல்லோரும் ஓட்டுகிறார்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடத்தில் ஏதோ பழுதாகி 20 நிமிடம் எல்லாம் நின்று, பிறகு வரிசையாகக் காத்திருந்த ரயில்கள் ஒரே நேரத்தில் கிளம்பும் நிலை. அப்போது ரயிலுக்கு 1.5 மெகாவாட் சராசரி என்ற கணக்கு செல்லாது; ஒவ்வொன்றும் உச்சமான 4 மெகாவாட்டை இழுக்கும், அதுவும் நெருக்கமாக நின்றுகொண்டு. இதற்காக டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்குவது வீண். மின்சாரம் திரும்பியதும் எந்த ரயில் முதலில், எத்தனை வினாடி கழித்து அடுத்தது என்ற கட்டுப்பாட்டு அறை ஒழுங்கே போதும். ஆனால் அந்த ஒழுங்கு திட்டமிடும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும், பயிற்சியில் இருக்க வேண்டும்.

யார்டுகளையும் மறக்கக் கூடாது. பெட்டிக்குக் குளிர்சாதனம் உள்ளிட்ட துணைச்சுமை 40 கிலோவாட் என்றால் 12 பெட்டி ரயிலுக்கு 480 கிலோவாட். அதிகாலையில் 30 ரயில்கள் ஒன்றாகக் குளிரூட்டத் தொடங்கினால் ஒரு ரயிலும் நகராமலே 14 மெகாவாட்டைத் தாண்டிவிடும்.

டிரான்ஸ்பார்மர் அளவை உச்ச நொடிக்காகத் தேர்வு செய்வது பொதுவான தவறு. இழுவைச் சுமை ஏறி இறங்கும் தன்மையுடையது. அதற்கேற்ற மிகைச்சுமைத் திறனோடுதான் இந்த டிரான்ஸ்பார்மர்கள் கட்டப்படுகின்றன. இந்திய ரயில்வேயில் நெடுங்காலம் பயன்பட்ட 21.6 எம்.வி.ஏ. (மெகாவோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்பார்மர் 15 நிமிடத்துக்கு 50 சதவீதமும் 5 நிமிடத்துக்கு 100 சதவீதமும் கூடுதலாகத் தாங்கும். ஆக, ஒரு நிமிட உச்சம், 15 நிமிடச் சராசரி, 2 மணி நேரச் சராசரி என்று மூன்று எண்களையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே எண்ணைத் தரும் அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

இந்த முறை தீர்க்காத சிக்கல்களில் பெரியது சமனின்மை. மின்தொகுப்பு மும்முனை (மூன்று ஃபேஸ்), ரயில் ஒருமுனை (ஒரு ஃபேஸ்). இரண்டு ஃபேஸ்களிலிருந்து மட்டும் எடுத்தால் மூன்றாவது சும்மா நிற்கும், பக்கத்துத் தொழிற்சாலை மோட்டார்கள் சூடாகும். விதி எளிது: சமனின்மைச் சதவீதம் என்பது ஒருமுனைச் சுமையை இணைப்புப் புள்ளியின் ஷார்ட் சர்க்யூட் திறனால் (அங்கே மின்தொகுப்பு எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) வகுத்தது. இருபுறமும் 30 வீதம் 60 மெகாவாட், ஷார்ட் சர்க்யூட் திறன் 2,500 எம்.வி.ஏ. என்றால் 2.4 சதவீதம். வழக்கமாகக் கேட்கப்படும் 2 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது. இரட்டை 25 வந்ததால் மின்நிலையங்களின் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொன்றின் சுமையும் கூடுகிறது. அதனால் இந்தச் சிக்கல் தீர்வதில்லை, இன்னும் முற்றுகிறது. விற்பனைப் பேச்சில் ‘மின்நிலையங்கள் குறையும்’ என்பது நன்மையாக மட்டுமே வரும். அதன் மறுபக்கம் இது.

இரு பக்கங்களையும் வெவ்வேறு ஃபேஸ் ஜோடிகளில் வைத்தால், அதாவது வி இணைப்பில், சமச்சுமையின்போது சமனின்மை பாதியாகி 1.2க்கு வரும். ஸ்காட் இணைப்பு டிரான்ஸ்பார்மரில் இரு பக்கச் சுமையும் சமமாக இருந்தால் பூஜ்யம். ஜப்பானியர்கள் ஸ்காட்டை விரும்பியதற்குக் காரணம் உண்டு. ஆனால் இதற்கொரு விலை இருக்கிறது. இரு பக்கமும் ஒரே ஃபேஸ் என்றால் மின்நிலையத்துக்கு எதிரே, இரு ஃபேஸ்களைப் பிரிக்கும் மின்சாரமற்ற கம்பித் துண்டான நியூட்ரல் செக்‌ஷன் தேவையில்லை, இரு மின்நிலையங்களுக்கு நடுவில் ஒன்று போதும். வி அல்லது ஸ்காட் என்றால் மின்நிலையத்துக்கு எதிரேயும் ஒன்று வேண்டும். ஒவ்வொரு நியூட்ரல் செக்‌ஷனிலும் ரயில் மின்சாரத்தை விட்டுவிட்டு உருண்டு கடக்க வேண்டும். 3 நிமிட இடைவெளித் தடத்தில், அதுவும் நிலையங்கள் 2 கி.மீ.க்கு ஒன்று என்றிருக்கும் இடத்தில், அதற்கு நல்ல இடம் கிடைப்பதே அரிது. சிவப்பு சிக்னலில் நின்ற ரயிலின் பேண்டோகிராப் நியூட்ரல் செக்‌ஷனுக்குள் மாட்டினால் அந்த ரயிலை இன்னொன்று வந்துதான் தள்ள வேண்டும். சிக்னலிலிருந்து குறைந்தது முழு ரயில் நீளம் தள்ளி, ஏற்றத்தில் இல்லாமல், நிலையத்திலிருந்து கிளம்பி வேகம் பிடிக்கும் பகுதியில் இல்லாமல் என்று இடம் தேடிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே மின்நிலையத்துக்கு நிலம் தேட வேண்டும். பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: நிலம் கிடைத்த இடத்தில் மின்நிலையம், அதற்கு எதிரே விழுந்த இடத்தில் நியூட்ரல் செக்‌ஷன்.

ஷார்ட் சர்க்யூட் திறன் என்ற எண்ணை மின்தொகுப்பு நிறுவனத்திடம் கேட்கும்போது இரண்டு எண்கள் வாங்குங்கள். சமனின்மைக் கணக்குக்கு ஆகக் குறைந்த எண் வேண்டும். சர்க்யூட் பிரேக்கரின் முறிவுத் திறனுக்கு ஆக அதிக எண் வேண்டும். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் கணக்கிட்ட ஆவணம் இரண்டில் ஒரு கணக்கில் நிச்சயம் தவறும். பெரிய அனல் மின்நிலையங்கள் மூடப்பட்டு அவற்றின் இடத்தில் இன்வெர்ட்டர் வழியே இணையும் சூரிய மின்சாரமும் காற்றாலையும் வரும் இடங்களில் அந்தக் குறைந்த எண் இனி வரும் ஆண்டுகளில் இன்னும் இறங்கக்கூடும். 25 ஆண்டுத் திட்டத்துக்கு இன்றைய எண் போதாது.

மின்தொகுப்பு பலவீனமான இடத்தில் நாங்கள் பரிந்துரைப்பது நிலையான மின்மாற்றுக் கருவி, அதாவது ஸ்டேட்டிக் கன்வெர்ட்டர். மூன்று ஃபேஸிலிருந்தும் சமமாக எடுத்து ஒருமுனையாகத் தரும். எல்லா மின்நிலையங்களையும் ஒரே ஃபேஸில் ஓட்டலாம். நியூட்ரல் செக்‌ஷன்களைக் கொள்கையளவில் ஒழித்துவிடலாம். ஆனால் அதை டிரான்ஸ்பார்மர் போல நினைத்து வாங்கக் கூடாது. 5 நிமிடத்துக்கு இரட்டிப்புச் சுமை என்ற சலுகை குறைகடத்திகளிடம் கிடையாது. உச்சத்துக்கே வாங்க வேண்டும். ஷார்ட் ஆனாலும் தன் அளவுக்குச் சற்று மேலான மின்னோட்டம் மட்டுமே தரும் என்பதால் பழைய பாதுகாப்பு ரிலே (பழுதை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் கருவி) அமைப்பு பழுதைப் பழுதென்று அடையாளம் காணாது. ரிலே முழுவதையும் புதிதாக யோசிக்க வேண்டும். இழப்பும் கூடுதல். இரட்டை 25ஐயும் இதையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பார்க்க வேண்டாம்: முந்தையது கம்பிக்கு, பிந்தையது இணைப்புப் புள்ளிக்கு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

1,500 வோல்ட் டிசியில் ஓடும் தடத்துக்கு இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுக்கும். அங்கே 4 மெகாவாட் ரயில் 2,667 ஆம்பியர் இழுக்கும். 25 கிலோவோல்ட்டில் அதே ரயிலுக்கு 160 போதும். மும்பை புறநகர்த் தடங்கள் 1925இல் 1,500 வோல்ட் டிசியில் தொடங்கி, மேற்குத் தடத்தில் 2012இலும் மத்தியத் தடத்தில் 2016இலும் 25 கிலோவோல்ட்டுக்கு மாறி முடித்தன. இடையில் இரு மின்சாரத்திலும் ஓடும் ரயில்களை வைத்துத்தான் அந்த மாற்றத்தைச் சமாளிக்க முடிந்தது. ரயில்கள் முதலில், கம்பி பிறகு என்ற ஒரே இடம் இதுதான்.

இடவசதியில் இந்த முறைக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பெண் குறைவு. சான் பிரான்சிஸ்கோ-சான் ஹோசே தடம், சுமார் 82 கி.மீ., 2024 செப்டம்பரில் முழு மின்சாரச் சேவைக்கு மாறியது. அதற்கு மின்தொகுப்பு இணைப்புள்ள துணை மின்நிலையங்கள் 2 மட்டுமே. ஆனால் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்களை வைக்கும் ஒரு சுவிட்சிங் நிலையமும் 7 இணைநிலையங்களும் சேர்ந்து மொத்தம் 10 இடங்கள். அதாவது 8 கி.மீ.க்கு ஓர் இடம். நகர நடுவே ஒவ்வொன்றுக்கும் நிலம், சாலை வசதி, எண்ணெய்க் கசிவுத் தொட்டி, சத்தத்துக்குச் சுவர். குறைவது மின்தொகுப்பு இணைப்புகள்தான். நிலத் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை.

ஃபீடர் கம்பியும் இலவசமாக வராது. தொடுகம்பியும் ஃபீடரும் எதிரெதிர் ஃபேஸ் என்பதால் இரண்டுக்கும் இடையே 50 கிலோவோல்ட். நில இணைப்புள்ள பாகத்திலிருந்து 270 மி.மீ. நிலை இடைவெளி போதும் என்ற இடத்தில், இவ்விரண்டுக்கும் நடுவே 540 மி.மீ. வேண்டும் என்கிறது இ.என். 50119. தாழ்ந்த பாலத்தின் அடியிலும் பழைய சுரங்கத்திலும் இந்தக் கூடுதல் 270 மி.மீ. கழுத்தைப் பிடிக்கும். அங்கெல்லாம் ஃபீடரைக் காப்பிட்ட கேபிளாக இறக்கி மறுபக்கம் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு கேபிள் முனையும் ஒரு புதிய பழுது வாய்ப்பு. கம்பங்களையும் மறு கணக்கு போட வேண்டும். 240 ச.மி.மீ. அலுமினியக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 கிலோ; 50 மீட்டர் இடைவெளிக்கு 32 கிலோ எடை பெரிதல்ல. ஆனால் 8 கிலோநியூட்டன் இழுவிசையில் 500 மீட்டர் ஆரமுள்ள வளைவில் பக்கவாட்டு இழுப்பு மட்டும் 800 நியூட்டன், அதாவது 80 கிலோவுக்கு மேல், அதுவும் கம்பத்தின் உச்சியில். காற்று விசை தனி. 50 ஆண்டுப் பழைய அஸ்திவாரம் இதைத் தாங்குமா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்க்க வேண்டும். பழைய பூஸ்டர் முறையின் திரும்புகம்பி இருந்த இடத்தையே ஃபீடருக்குப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கிருக்கும் இன்சுலேட்டர்கள் சில கிலோவோல்ட்டுக்கானவை, 25க்கானவை அல்ல.

ஓட்டத்தில் என்னென்ன கெடும் என்று பார்த்தால், முதலில் மரங்கள். ஃபீடர் கம்பத்தின் வெளிப்பக்கம் ஓடுவதால் ரயில்வே எல்லையோர மரக்கிளைகளுக்கு அதுதான் முதல் இலக்கு. ஃபீடரில் கிளை பட்டால் தொடுகம்பியும் சேர்ந்து போகும். இரண்டும் ஒரே பிரேக்கரில். மரம் வெட்டும் அகலத்தை ஃபீடரிலிருந்து அளக்க வேண்டும், தண்டவாளத்திலிருந்து அல்ல.

அடுத்தது பழுது இடத்தைக் கண்டுபிடிப்பது. ஒற்றை 25இல் மின்மறுப்பு தூரத்தோடு நேர்கோட்டில் கூடும். ரிலே காட்டும் எண்ணை வைத்தே கி.மீ. சொல்லிவிடலாம். இங்கே ஆட்டோ டிரான்ஸ்பார்மர்களுக்கு நடுவில் அது வளைந்து ஏறி இறங்கும், ஒரே எண் இரண்டு இடங்களைக் காட்டும். ஒவ்வொரு ஆட்டோ டிரான்ஸ்பார்மரின் நடுமுனை மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடும் கருவி தேவை. பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டப்படும் பொருள் இதுதான். வெட்ட விடாதீர்கள். உச்ச நேரத்தில் 12 கி.மீ. நடந்து தேடுவதும் நேராக 300 மீட்டருக்குள் போய் நிற்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, நடுமுனைக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இணைப்பு. இதில் நாங்கள் கண்டிப்பானவர்கள். பாதை மாற்றும் பணியில் தண்டவாளத்தை வெட்டும்போதோ செம்புத் திருட்டிலோ இந்தக் கேபிள் போனால், நடுமுனை பற்றின்றி மிதக்கும். அந்தப் பகுதியில் தண்டவாள மின்னழுத்தம் எழும். தனித்தனி வழியில் செல்லும் இரண்டு கேபிள்கள், இரு வேறு பாதைகளில் இணைப்பு, துண்டிப்பைக் கண்டறியும் எச்சரிக்கை ஆகிய மூன்றும் வேண்டும். பாதைப் பணியாளர்களின் வேலை அனுமதிச் சீட்டில் இந்தக் கேபிள் பெயர் சொல்லி இருக்க வேண்டும்.

நான்காவது, மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கும் நொடி. வரிசையாக ஆறேழு ஆட்டோ டிரான்ஸ்பார்மர்கள் ஒன்றாகக் காந்தமேறும்போது பாயும் திடீர் மின்னோட்டத்தை ரிலே பழுதென்று எண்ணி மறுபடி டிரிப் செய்யும். இரண்டாம் ஹார்மோனிக்கை (அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கில் வரும் அலை) பார்த்து நிதானிக்கும் அமைப்பை ரிலேயில் இயக்க வேண்டும். பல இடங்களில் அந்த வசதி இருந்தும் அணைத்தே வைத்திருப்பார்கள்.

ஹார்மோனிக் ஒத்ததிர்வு தனி ஆபத்து. 1995இல் ஸூரிச்சில் நவீன கன்வெர்ட்டர் என்ஜின்கள் பல, கம்பி அமைப்போடு சேர்ந்து அலைவு உண்டாகி ஒன்றாக நின்றுவிட்டன. தனித்தனியாக எல்லா என்ஜினும் சரிதான். கூட்டமாகச் சேர்ந்தபோதுதான் கெட்டது. நீண்ட ஃபீடரும் கேபிளும் சேர்ந்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் கீழே இறங்கி ரயில்கள் உண்டாக்கும் ஹார்மோனிக்குகளுக்கு அருகே வரும். சுரங்கங்களுக்காகக் கேபிள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

பராமரிப்புக்காகக் கம்பியை அணைக்கும்போது அந்தப் பாதையின் ஃபீடரும் சேர்ந்து அணைய வேண்டும். ஐசலேட்டர்கள் (கம்பியைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) இரு முனையும் துண்டிப்பவையாக இல்லாவிட்டால் தொடுகம்பி செத்திருக்கும், பக்கத்தில் ஃபீடர் 25 கிலோவோல்ட்டோடு உயிரோடு இருக்கும். கம்பத்தில் ஏறும் ஆளின் உயிர் இந்த ஒரு தேர்வில் இருக்கிறது. இதில் சமரசமே கூடாது.

கட்டும் வரிசையில் எங்களுக்குத் தெளிவான விருப்பம் உண்டு. இரவு பிளாக் 4 மணி நேரம் என்றால், மின்சாரத்தை அணைத்து, எர்த் செய்து, முடிவில் எடுத்து, மறுபடி கொடுக்கும் நேரம் போக இரண்டரை மணி நேரமே வேலை. அந்தக் கணக்கில் முதலில் அஸ்திவாரமும் கம்பமும், பிறகு ஃபீடரை இழுத்து மின்சாரமின்றி எர்த் செய்து தொங்கவிடுவது, அதே நேரம் தடத்துக்கு வெளியே இணைநிலையங்களைக் கட்டி முடிப்பது, கடைசியில் ஒரு மின்னூட்டப் பகுதியை வார இறுதி பிளாக்கில் மாற்றுவது. பழைய பூஸ்டர்களை உடனே கழற்றாமல், அவற்றின் முனைகளைக் குறுக்கே இணைத்து விட்டுவைத்துப் பின்னால் சாவகாசமாக இறக்கலாம். மின்தொகுப்பு இணைப்புக்கான விண்ணப்பமோ இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சிமுலேஷனின் முதல் வரைவோடே போக வேண்டும். உயர் அழுத்த இணைப்பு கட்டி வர ஆண்டுக்கணக்கில் ஆகும். மற்ற வேலையெல்லாம் முடிந்து இதற்காகக் காத்திருக்கும் திட்டங்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மின்சாரத்தைக் கூட்டி ஒரு ரயிலும் கூடாது. புறநகர்ப் பயணிகள் தடத்துக்கு உச்ச நேரத்தில் 85 சதவீதம், நாள் முழுவதற்கும் 70 சதவீதம் என்று சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் யு.ஐ.சி. 406 வழிகாட்டி ஒரு கொள்ளளவு எல்லை சொல்கிறது. அதைத் தொட்ட தடத்தில் முதல் செலவு சிக்னலுக்கும் கிளைப்பாதைச் சந்திப்புகளுக்கும் போக வேண்டும்.

ஏற்பு ஒப்பந்தத்தில் கேட்டு எழுத வேண்டிய சோதனைகள் சில. ஒவ்வொரு மின்னூட்டப் பகுதியின் கடைசி முனையிலும் உண்மையான ஷார்ட் சர்க்யூட் சோதனை, தொடுகம்பிக்கு ஒன்று, ஃபீடருக்கு ஒன்று. இடங்காட்டும் கருவி காட்டிய தூரத்தை அளந்த தூரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு நிலைய மேடைகளில் தண்டவாள மின்னழுத்தம் அளக்க வேண்டும். நீடித்த நிலையில் 60 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கடைசியாக, ஒரு மின்நிலையத்தை முழுதாக அணைத்து, வேலைநாள் உச்ச அட்டவணையின்படி ரயில்களை ஓட்டி, பயண நேரத்தை வினாடிக் கணக்கில் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை ‘சேவை தொடங்கிய பிறகு செய்யலாம்’ என்று ஒப்பந்தக்காரர் தள்ளிப்போடப் பார்ப்பார். பயணிகள் ஏறுவதற்கு முந்தைய வார இறுதியிலேயே அதைச் செய்யச் சொல்லி, கடைசித் தவணைப் பணத்தை அதோடு கட்டிவையுங்கள்.